மலையகத்து இரவில் விண்மீன் ஒளியை அளத்தல்: வளிமண்டல ஒளியிழப்பைத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

பெப்ரவரி மாதத்துத் தெளிந்த இரவொன்றில் நுவரெலியாவுக்கு மேலுள்ள தோட்டத்து மேட்டில் நின்று பார்த்தால், தலைக்கு மேலே பளிச்சென்று நின்ற விண்மீன் நான்கைந்து மணி நேரத்தில் மேற்கு மலை விளிம்பை அண்டி, மங்கிச் சற்றே சிவப்பதைக் கண்ணாலேயே காணலாம். விண்மீனின் ஒளி அப்படியே இருக்க, அது கடந்து வரும் காற்றின் தடிப்பே கூடியிருக்கிறது. காற்றினால் நேரும் இந்த இழப்பையே வளிமண்டல ஒளியிழப்பு என்கிறோம். விண்மீனின் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் சொல்கிறோம்; ஒளி குறையக் குறைய அந்த எண் கூடும். ஒளி மாறிக்கொண்டிருக்கும் ஒரு மாறுவிண்மீனின் பிரகாசம் 0.05 பொலிவெண் குறைந்தது என்று சொல்ல விரும்புபவர், அந்தக் குறைவு விண்மீனுடையதா காற்றினுடையதா என்று பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர்.

விண்மீன் நேர் உச்சியில் நிற்கும்போது காற்றினால் இழக்கும் பொலிவெண்ணே ஒளியிழப்புக் குணகம். பல நூல்களில் அதற்கென ஒரு எண் தரப்பட்டிருக்கும். அதை எடுத்து மலையகத்து அளவீடுகளில் போடக்கூடாது என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. இங்கே ஒரே இரவில் பள்ளத்தாக்கின் பனிமூட்டம் மேலேறும். அடுப்புப் புகை படியும். காற்று திசை மாறும். ஆகவே குணகத்தை அந்த இரவிலேயே, அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். அளந்த பின்னர், அது உண்மையில் காற்றின் குணகம்தானா என்றும் சோதிக்க வேண்டும்.

ஒளி எங்கே தொலைகிறது

முதலாவது இழப்பு காற்று மூலக்கூறுகளின் சிதறலால் வருவது. இது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுவதால் நீல ஒளியே அதிகம் இழக்கப்படுகிறது. விளிம்பருகே விண்மீன் சிவப்பதற்கும் அதுவே காரணம். இப்பகுதியை உயரத்தைக் கொண்டு கணித்துவிடலாம். கடல் மட்டத்தில் ஒரு வளித்திணிவுக்கு (நேர் உச்சியிலிருந்து வரும் ஒளி கடக்கும் காற்றின் அளவுக்கு) 550 நனோமீற்றர் அலைநீளத்தில் சுமார் 0.10, 440 நனோமீற்றரில் சுமார் 0.25 பொலிவெண் இழக்கப்படுகிறது. மேலேயுள்ள காற்றின் அளவு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் என்ற அளவுயரத்துடன் அடுக்குக்குறியாகக் குறைவதால், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இவ்வெண்கள் முறையே 0.08 ஆகவும் 0.20 ஆகவும் இறங்குகின்றன. மலையில் இருப்பதால் இயற்கை நமக்கு இலவசமாகத் தரும் சலுகை இது.

இரண்டாவது ஓசோனின் உறிஞ்சல். மஞ்சள், செம்மஞ்சள் ஒளியில் இது நூற்றில் ஓரிரண்டு பொலிவெண் அளவே. ஓசோன் மிக உயரத்தில் இருப்பதால், மலையேறினாலும் இந்த இழப்பு குறைவதில்லை.

மூன்றாவதுதான் நமக்கு வேலை வைப்பது: தூசு, புகை, கடலுப்பு, நீர்த்துளி ஆகிய மிதக்கும் துணிக்கைகள். இவை பெரும்பாலும் தாழ்ந்த காற்றிலேயே தங்குவதால் மலைக்கு வரும்போது வெகுவாகக் குறைய வேண்டும்; ஆனால் எப்போதும் குறைவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்காசிய நிலப்பரப்பின் புகைமண்டலம் இந்துசமுத்திரத்தின் மேல் பரவுவதை 1999ஆம் ஆண்டின் பன்னாட்டு இந்துசமுத்திர ஆய்வு விரிவாக அளந்து காட்டியது. அத்துடன் நமக்கென உள்ளூர் மூலங்களும் உண்டு. மாலையில் தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்புகளின் விறகுப் புகை, விறகெரித்து இலை உலர்த்தும் தேயிலைத் தொழிற்சாலைகளின் புகை, வறட்சிக் காலத்தில் மானாப்புல் மலைச்சரிவுகளில் பிடிக்கும் தீ ஆகியவை பள்ளத்தாக்கிலே ஒரு படையாகத் தேங்குகின்றன. அந்தப் படைக்கு மேலே நிற்கிறோமா உள்ளே நிற்கிறோமா என்பது குணகத்தையே மாற்றிவிடும்.

காலமும் இடமும்

தேயிலையின் தரம் உயரும் காலத்தை அறிந்தவருக்கு நோக்கலுக்கு உகந்த காலத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தலவாக்கலை, டிக்கோயா, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட குளிர்காற்று இலைக்கு மணத்தைக் கொடுப்பதோடு நமக்குத் தெளிந்த வானத்தையும் தருகிறது. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை ஆகிய ஊவாப் பகுதியில் அந்தக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வருகிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாக அங்கே இறங்குகிறது.

இடத்தைத் தெரிவு செய்யும்போது கிழக்கு, மேற்கு ஆகிய இரு பக்கங்களிலும் அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு மேலே மலையோ சவுக்கு மரமோ மறைக்காத மேட்டைத் தேர்க. இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்; அதன் காரணம் சோதனைப் பகுதியில் தெளிவாகும். தொழிற்சாலைப் புகையைக் காற்று கொண்டுசெல்லும் திசையில் நிற்க வேண்டாம்.

நமது அகலக்கோட்டின் பயன் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறத்தாழ வடக்கு 7 பாகையில் இருப்பதால், வான மத்திய கோட்டை (பூமியின் மத்திய கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டை) அண்டிய விண்மீன்கள் நமக்கு உச்சிக்கு மிக அருகில் கடக்கின்றன. அமெரிக்க வானியலாளர் ஆர்லோ லாண்டோல்ட் 1992இல் வெளியிட்ட நியம விண்மீன்களின் (பொலிவெண் துல்லியமாக அறியப்பட்ட விண்மீன்களின்) பட்டியல் பெரும்பாலும் அந்த மத்திய கோட்டைச் சுற்றியே அமைந்தது. வட அகலக்கோடு 50 பாகையில் உள்ளவருக்கு அவை ஒருபோதும் 1.5 வளித்திணிவுக்குக் கீழே வருவதில்லை. நமக்கோ அவை 1.01 இலிருந்து தொடங்குகின்றன.

வளித்திணிவைக் கணித்தல்

உச்சியில் உள்ள விண்மீனின் ஒளி கடக்கும் காற்றின் அளவை 1 எனக் கொண்டு, மற்றத் திசைகளில் அது எத்தனை மடங்கு என்று சொல்வதே வளித்திணிவு. உச்சியிலிருந்து விண்மீன் விலகியிருக்கும் கோணத்தை உ என்று குறித்தால், எளிய சூத்திரம் பின்வருமாறு:

வளித்திணிவு = 1 ÷ கோசைன் உ

உச்சியிலிருந்து 60 பாகை விலகலில் இது 2 ஆகும். பூமி தட்டையல்ல என்பதால் விளிம்பை அண்டும்போது இச்சூத்திரம் கூட்டிச் சொல்லும். 1989இல் காஸ்டன், யங் இருவரும் தந்த சூத்திரம் அடிவானம் வரை பொருந்தும்:

வளித்திணிவு = 1 ÷ [கோசைன் உ + 0.50572 × (96.07995 − உ)^(−1.6364)]

இங்கே உ பாகையில் இருக்க வேண்டும். 60 பாகையில் 1.994, 75 பாகையில் 3.81, 80 பாகையில் 5.59 என விடை வரும். எளிய சூத்திரம் 80 பாகையில் 5.76 என்று சொல்லும். இரண்டுக்கு உட்பட்ட வளித்திணிவுகளில் எந்தச் சூத்திரமும் போதும். ஆயினும் எக்செல் தாளில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பின்னர் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டாவதையே பயன்படுத்துக.

கோணத்தை வானவரைபட மென்பொருளிலிருந்து எடுக்கலாம். அல்லது அகலக்கோடு, விண்மீனின் சரிவு (வான மத்திய கோட்டிலிருந்து அதன் கோணத் தூரம்), மணிக்கோணம் (அது உச்சக்கோட்டைக் கடந்து ஆன நேரம், மணிக்கு 15 பாகையாக) ஆகியவற்றிலிருந்து கணிக்கலாம்:

கோசைன் உ = சைன் அகலக்கோடு × சைன் சரிவு + கோசைன் அகலக்கோடு × கோசைன் சரிவு × கோசைன் மணிக்கோணம்

நேரத்தில் கவனம் வேண்டும். இலங்கை நேரம் சர்வதேச நியம நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. கமராவிலோ மென்பொருளிலோ 5 மணி என்று பதிந்துவிட்டால், 2 வளித்திணிவை அண்டிய விண்மீனுக்கு அந்த அரைமணி நேரம் 0.4க்கும் கூடுதலான வளித்திணிவு வழுவைத் தரும். எனது முதல் பருவத்து அளவீடுகளில் ஒரு பாதியை இந்த அரைமணிக்காக மீண்டும் கணிக்க நேர்ந்தது.

இரவின் வேலை ஒழுங்கு

கமராவும் வடிகட்டியும் கொண்ட சிறு தொலைகாட்டி இருந்தால் நன்று, டி.எஸ்.எல்.ஆர். கமராவை முக்காலியில் வைத்தும் செய்யலாம். அதன் பச்சை நிறப் பகுதி, பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் நியம வி வடிகட்டிக்கு ஓரளவு நெருக்கமானது. எதுவாயினும் மூலக்கோப்பு (RAW) வடிவிலேயே படமெடுக்க வேண்டும். கமரா தானே சுருக்கித் திருத்தித் தரும் படங்கள் அளவீட்டுக்கு உதவா. இருட்படமும் (வில்லையை மூடி எடுத்த படம்) சமதளப்படமும் (சீராக ஒளிரும் பரப்பைப் பார்த்து எடுத்த படம்) எடுத்துத் திருத்துவது வழக்கமான வேலை. இங்கே அதை விரிக்கவில்லை.

நிறம் நடுத்தரமான, மாறாத, படத்தில் நிரம்பி வழியாத நியம விண்மீன் ஒன்றை எடுத்துக்கொள்க. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் குவியத்தைச் சற்று விலக்கிப் புரோசியன் என்ற பளிச்சென்ற விண்மீனைப் பயன்படுத்தலாம். அது மார்ச் முதல் வாரத்தில் இரவு 9 மணியளவில் நமது உச்சியிலிருந்து இரண்டு பாகைக்குள் கடக்கிறது.

அடுத்து, எப்போதெல்லாம் படமெடுப்பது? மணிக்கு ஒரு முறை என்று கடிகாரத்தைப் பார்த்து எடுப்பது இங்கே பொருந்தாது. மத்திய கோட்டு விண்மீன் நமது வானத்தில் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அதன் வளித்திணிவு முதலில் அசையாமல் நின்று, பின்னர் விரைந்து கூடும். உச்சியைக் கடந்து 2 மணி 12 நிமிடத்தில் 1.2, 3 மணி 11 நிமிடத்தில் 1.5, 3 மணி 52 நிமிடத்தில் 1.9, 4 மணி 16 நிமிடத்தில் 2.3 என்று அது செல்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் நூறு படம் எடுத்தாலும் குணகத்தைப் பற்றி அவை அதிகம் சொல்லமாட்டா. மூன்றாம் மணிக்கும் நாலரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே முக்கியமானது. ஆகையால் வளித்திணிவு 0.2 கூடும்போதெல்லாம் ஐந்து முதல் பத்துப் படங்கள் எடுத்து அவற்றின் சராசரியைக் கொள்க. 2.5க்கு மேலே போக வேண்டாம்; அங்கே பள்ளத்தாக்கின் புகைப்படை குறுக்கே வரத் தொடங்கும்.

இதே விண்மீன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கில் ஏறிவரும் இன்னொரு நியம விண்மீனையும் மாறிமாறி எடுக்க வேண்டும். இது விருப்பத்துக்கு உரிய மேலதிக வேலையல்ல.

குணகத்தைப் பெறுதல்

ஒவ்வொரு படத்திலும் விண்மீனின் ஒளி எண்ணிக்கையிலிருந்து பின்னணியைக் கழித்து, ஒளியூட்ட நேரத்தால் வகுத்து, அதன் பத்தடி மடக்கையை −2.5ஆல் பெருக்கினால் கருவிப் பொலிவெண் கிடைக்கும். அதை நிலைக்குத்து அச்சிலும் வளித்திணிவைக் கிடையச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைய வேண்டும். இந்த நேர்கோட்டுத் தொடர்பு பிரெஞ்சு அறிஞர் பியேர் புகே 1729இல் எழுதிய ஆய்விலிருந்து வருகிறது. பின்னாளில் அவரே பூமியின் வடிவத்தை அளக்க மத்திய கோட்டருகே அந்தீஸ் மலைகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர் என்பது மலைவாசிகளான நமக்குப் பிடித்தமான செய்தி.

கணக்கை விளக்குவதற்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வி வடிகட்டியில் ஒரு நியம விண்மீனின் அளவீடுகள் இவை என்க:

வளித்திணிவு 1.01 இல் −8.219
வளித்திணிவு 1.20 இல் −8.180
வளித்திணிவு 1.50 இல் −8.133
வளித்திணிவு 1.90 இல் −8.056
வளித்திணிவு 2.30 இல் −7.987

இழிவு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்தினால் படித்திறன் (கோட்டின் சாய்வு) 0.179 ஆகவும், வெட்டுத்துண்டு −8.398 ஆகவும் வருகின்றன. படித்திறனே ஒளியிழப்புக் குணகம். அதன் வழு ஏறத்தாழ 0.003. வளித்திணிவு பூச்சியம், அதாவது காற்றே இல்லாதிருந்தால் நமது கருவி எதை அளந்திருக்கும் என்பதை வெட்டுத்துண்டு சொல்கிறது. கோட்டிலிருந்து எந்தப் புள்ளியும் 0.004க்கு மேல் விலகவில்லை.

இது காற்றின் குணகம்தானா?

நேர்கோடு கிடைத்ததும் மகிழ்ந்து எழுந்துவிடக் கூடாது. மலையகத்தில் நேர்கோடு பொய் சொல்லக்கூடும்.

லிந்துலைப் பக்கத்தில் ஓர் இரவு எனக்குக் கிடைத்த கோடு மிக அழகானது, குணகம் 0.34. புகை அதிகம் என்று எழுதி வைத்தேன். கருவியைப் பையில் வைக்கும்போதுதான் முன்வில்லை முழுதும் மெல்லிய பனி படிந்திருப்பதைக் கண்டேன். இரவு முழுவதும் சீராகப் படிந்துவந்த பனி, சீராகக் குறையும் ஒளியைத் தந்திருக்கிறது. விண்மீனும் அதே நேரத்தில் சீராக இறங்கிக்கொண்டிருந்ததால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே நேர்கோடாகிவிட்டன. ஜனவரி, பெப்ரவரியில் நிலம் உறையுமளவுக்குக் குளிரும் நுவரெலியாவில் தெளிந்த வானமும் பனி படிதலும் ஒன்றாகவே வரும். நல்ல இரவுதான் நம்மை ஏமாற்றும் இரவும்.

இதற்கான மருந்து, மேலே சொன்ன ஏறும் விண்மீன். இறங்கும் விண்மீனுக்கு நேரம் செல்லச் செல்ல வளித்திணிவு கூடுகிறது. ஏறும் விண்மீனுக்கு அது குறைகிறது. இழப்பு முழுவதும் காற்றின் தடிப்பால் வந்ததாயின் இரண்டும் ஒரே படித்திறனைத் தரும். பனியோ, மெல்லிய கீற்று முகிலோ, மேலேறும் மூட்டமோ நேரத்தோடு கூடினால், இறங்கும் விண்மீனின் குணகம் உண்மையைவிடப் பெருத்தும், ஏறும் விண்மீனின் குணகம் சிறுத்தும் காணும். இரண்டுக்கும் வேறுபாடு 0.03க்கு மேல் இருந்தால் அந்த இரவை, வெவ்வேறு படங்களிலுள்ள விண்மீன்களை ஒப்பிட்டுப் பொலிவெண் காணும் அளவீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். இரண்டும் ஒத்துப்போனால் இரண்டையும் சேர்த்து மீண்டும் ஒரு கோடு பொருத்துக. விண்மீன்கள் வேறு என்பதால் வெட்டுத்துண்டுகள் இரண்டாகவும் படித்திறன் ஒன்றாகவும் இருக்கட்டும்.

அடுத்த சோதனை எண்ணின் அளவைப் பார்ப்பது. நுவரெலியா உயரத்தில் மூலக்கூற்றுச் சிதறலும் ஓசோனும் மட்டுமே வி வடிகட்டியில் ஏறத்தாழ 0.10 தருகின்றன. அதற்குக் கீழே ஒரு குணகம் வந்தால், அது எவ்வளவு தெளிந்த இரவாக இருந்தாலும் இயலாது. கணக்கிலோ நேரத்திலோ பிழை உண்டு. நீலத்தில் குணகம் மஞ்சளைவிடக் குறைவாக வந்தாலும் அப்படியே. இரு வடிகட்டிகளிலும் குணகம் எதிர்பார்த்ததைவிட ஒரே அளவால் கூடியிருந்தால் நீர்த்துளிகளைச் சந்தேகிக்க வேண்டும். முகிலும் பனிமூட்டமும் நிறம் பார்த்து மறைப்பதில்லை.

முன்வில்லையைச் சுற்றி அட்டைக் குழாய் ஒன்றைப் பொருத்துவதும், சிறு மின்வெப்பப் பட்டி கட்டுவதும், அரைமணிக்கு ஒருமுறை மங்கிய கைவிளக்கால் வில்லையைப் பார்ப்பதும் எளிய காரியங்கள். கணக்கால் மீட்க முடியாததை இவை காப்பாற்றும்.

திருத்தத்தைச் செய்தல்

நமது எடுத்துக்காட்டில், ஆராய வேண்டிய விண்மீனின் கருவிப் பொலிவெண் வளித்திணிவு 1.45 இல் −6.842 என்க. 0.179 × 1.45 = 0.260ஐக் கழித்தால் காற்றுக்கு வெளியே அதன் கருவிப் பொலிவெண் −7.102. நியம விண்மீனின் பட்டியல் மதிப்பு 9.512 என்றால், அதிலிருந்து வெட்டுத்துண்டு −8.398ஐக் கழிக்கக் கிடைக்கும் 17.910 நமது கருவியின் தொடக்க மாறிலி. ஆகவே விண்மீனின் பொலிவெண் 17.910 − 7.102 = 10.808. காற்றைக் கணக்கில் எடுக்காமல் உச்சியில் அளந்த நியம விண்மீனோடு நேரே ஒப்பிட்டிருந்தால் 10.889 என்று வந்திருக்கும். அந்த 0.08, பல சிறு மாறுவிண்மீன்களின் முழு ஏற்றத்தாழ்வுக்குச் சமம்.

நீல வடிகட்டியில் இன்னொரு சிறு திருத்தமும் உண்டு. அகன்ற வடிகட்டிக்குள்ளேயே நீலப் பக்கம் கூடுதலாக இழக்கப்படுவதால், நீல விண்மீனுக்குக் குணகம் சற்றுப் பெரிது. சிவந்த விண்மீனுக்குச் சிறிது. பி எனப்படும் அந்த நீல வடிகட்டியில், நிறச்சுட்டி (விண்மீனின் பி, வி பொலிவெண்களின் வேறுபாடு) ஓர் அலகு மாற இந்த வேறுபாடு ஏறத்தாழ 0.03. நிறச்சுட்டியில் ஓர் அலகு வேறுபடும் இரு விண்மீன்களை 2 வளித்திணிவில் ஒப்பிட்டால் 0.06 வழு வரும். வி வடிகட்டியில் இது பெரும்பாலும் புறக்கணிக்கத்தக்கது. ஒரே படத்தில் நிற்கும் நீல, சிவப்பு விண்மீன்கள் இரண்டின் வேறுபாட்டை வளித்திணிவுக்கு எதிரே வரைந்தால் இச்சிறு குணகம் கிடைத்துவிடும். அதை ஒவ்வோர் இரவும் அளக்க வேண்டியதில்லை, கருவிக்கு ஒருமுறை போதும்.

ஒரே படத்திலுள்ள ஒப்பீட்டு விண்மீனோடு மட்டும் அளப்பவருக்குத் திருத்தமே தேவையில்லை என்று சொல்வதுண்டு. குறுகிய புலத்தில் அது சரி. டி.எஸ்.எல்.ஆர். கமராவின் அகன்ற புலத்தில் அப்படியல்ல. உச்சியிலிருந்து 70 பாகை விலகிய இடத்தில், குணகம் 0.2 ஆயின், மேலும் கீழுமாக ஒரு பாகை இடைவெளியே 0.03 பொலிவெண் வேறுபாட்டைத் தரும்.

வெறுங்கண்ணால் நோக்குபவருக்கு

கருவி இல்லாத மாணவரும் இத்திருத்தத்தைச் செய்யலாம். திருவாதிரை நுவரெலியாவின் உச்சியிலிருந்து அரைப் பாகைக்குள் கடக்கும் விண்மீன், அது மாறுவிண்மீனும்கூட. வழக்கமாக 0.5ஐ அண்டியிருக்கும் அதன் பொலிவெண் 2020 பெப்ரவரியில் சுமார் 1.6 வரை இறங்கியது. அதை 0.87 பொலிவெண்ணுடைய உரோகிணியோடு ஒப்பிடுகிறோம் என்க. திருவாதிரை உச்சியைக் கடந்து மூன்றேகால் மணி நேரம் ஆனபோது அதன் வளித்திணிவு 1.5, முன்னரே இறங்கிய உரோகிணியினுடையதோ 2.6. அவ்வேளையில் இரண்டும் சமமாகத் தெரிந்தால், குணகம் 0.2 எனக் கொண்டு, திருவாதிரையின் உண்மைப் பொலிவெண் 0.87 + 0.2 × 1.1 = 1.09. உச்சிக்கு அருகே இரண்டும் நிற்கும் வேளையில் நோக்கினால் இவ்வளவு பெரிய திருத்தம் வேண்டியதில்லை. இயலுமானால் அந்த வேளையையே தேர்க.

குறிப்பேட்டில் ஒவ்வோர் இரவுக்கும் ஏறும், இறங்கும் விண்மீன்களின் குணகங்கள், காற்றின் திசை, புகை, வில்லையில் பனி கண்ட நேரம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் மூட்டம் ஏறி வேலை பாதியில் நின்றுபோகும் இரவுகள் இங்கே அதிகம். அவ்வாறான இரவுக்கு மட்டும், அதே இடத்தில் அதே பருவத்தில் அளந்த குணகங்களின் சராசரியைப் பயன்படுத்தலாம். அப்போது அந்தக் குணகங்களின் சிதறலை, ஆராயும் விண்மீனுக்கும் நியம விண்மீனுக்கும் உள்ள வளித்திணிவு வேறுபாட்டால் பெருக்கி, வரும் எண்ணை விடையின் வழுவோடு சேர்த்தே எழுதுக.